கடலடியில் கிடக்கும் கே-27: உருகிய உலோகத்தை நம்பிய லெய்புன்ஸ்கியின் கதை

ஆர்க்டிக் பகுதியில் காரா கடல். அங்கே நோவயா செம்லியா தீவை ஒட்டிய ஒரு சின்ன விரிகுடாவில், சுமார் 30 மீட்டர் ஆழத்தில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது. பெயர் கே-27. எதிரி யாரும் அதைத் தாக்கவில்லை. சோவியத் கடற்படையே 1982-ல் இழுத்துக்கொண்டு போய் அங்கே மூழ்கடித்தது.

காரணம், அதற்குள் இருக்கும் இரண்டு அணு உலைகள். ஒரு காலத்தில் அவற்றுக்குள் காரீயமும் பிஸ்மத்தும் கலந்த உருகிய உலோகம் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இன்று அது கல்லாக உறைந்து, யுரேனிய எரிபொருளையும் தனக்குள் பிடித்து வைத்திருக்கிறது. அதை வெளியே தூக்க வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக ஓடுகிறது. கப்பல் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

அந்த உலைகளின் அறிவியல் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அலெக்சாண்டர் லெய்புன்ஸ்கி. ரஷ்யாவில் இவர் பெயரைச் சொன்னால் அணுத்துறையில் தெரியாத ஆளே இல்லை. அதிவேக ஈனுலைகளின் தந்தை என்றே அங்கே சொல்கிறார்கள். நம்ம பக்கம் கல்பாக்கம் தெரியும், ஈனுலை தெரியும், இவரைத்தான் தெரியாது.

அணு உலையைச் சூடு தணிக்கத் தண்ணீருக்குப் பதில் உருகிய உலோகத்தை ஓடவிட்டால் என்ன? வாழ்நாளின் கடைசி இருபது, இருபத்தைந்து ஆண்டுகளை இவர் இந்த ஒரு கேள்விக்கே கொடுத்தார். பதில் கிடைத்தது, உலைகளும் ஓடின. ஆனால் அந்த உலோகம் தொட்டுச் சென்ற ஒவ்வொரு குழாயும், ஒவ்வொரு வால்வும் கதிரியக்கம் ஏறிய பொருளாக மாறியது. ஓடும் வரைக்கும் பிரச்சினை இல்லை. திறந்து பழுது பார்க்கிறவர் கதி என்ன என்பதுதான் அடுத்த கேள்வி.

கூலி வேலையிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை

லெய்புன்ஸ்கி பிறந்தது 1903 டிசம்பர் 7. அன்றைய ரஷ்யப் பேரரசின் குரோத்னோ மாகாணத்தில் டிராக்லி என்ற கிராமம். இன்று அது போலந்தில் இருக்கிறது. பதின்ம வயதிலேயே கூலி வேலைக்குப் போக வேண்டிய வீடு. வோல்கா நதிக்கரையில் உள்ள ரிபின்ஸ்க் நகரில் தொழிற்கல்வி முடித்துவிட்டு லெனின்கிராடு போய்ச் சேர்ந்தார். அங்கே சோவியத் இயற்பியலின் தாய்வீடு என்று சொல்லத்தக்க இயோஃபேயின் ஆய்வுக்கூடம். 1926-ல் பாலிடெக்னிக் பட்டம்.

வீடே இயற்பியல் வீடுதான் போலிருக்கிறது. தம்பி ஓவ்சே லெய்புன்ஸ்கியும் விஞ்ஞானி; பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டை வைரமாக்க எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று 1939-லேயே கணக்குப் போட்டுச் சொன்னவர். அலெக்சாண்டரின் மனைவி அந்தோனினா பிரிகோத்கோ படிகங்கள் பற்றிய ஆய்வில் பெயர்பெற்றவர்.

லெனின்கிராடிலிருந்து ஒரு இளைஞர் பட்டாளம் உக்ரைனின் ஹார்கிவ் நகருக்குப் போய்ப் புதிய இயற்பியல் நிறுவனம் ஒன்றைக் கட்டியெழுப்பியது. அதில் இவரும் ஒருவர். 1932 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் காக்ராஃப்டும் வால்டனும் லித்தியம் அணுக்கருவைப் பிளந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஹார்கிவில் லெய்புன்ஸ்கியும் அவருடைய மூன்று சகாக்களும் அதையே செய்து காட்டினார்கள். ஆறே மாத இடைவெளி. அப்போது இவருக்கு வயது 28. அடுத்த ஆண்டே நிறுவனத்தின் இயக்குநர்.

1934 முதல் 1936 வரை கேம்பிரிட்ஜில், ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் வேலை. நியூட்ரினோ என்ற துகள் உண்மையிலேயே இருக்கிறதா என்று உலகமே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. கதிரியக்கச் சிதைவில் அணுக்கரு பின்னால் உதைபடுவதை அளந்து, அதிலிருந்து நியூட்ரினோவின் தடயத்தைத் தேடினார். இந்த வழியில் முயன்ற முதல் ஆட்களில் ஒருவர்.

நாடு திரும்பியபோது சூழ்நிலை மாறியிருந்தது. ஸ்டாலினின் களையெடுப்பு ஹார்கிவ் நிறுவனத்துக்குள்ளும் புகுந்தது. குளிர்நிலை இயற்பியலில் உலகத் தரத்தில் இருந்த ஷூப்னிகோவ் 1937-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹிட்லருக்குத் தப்பி அங்கே அடைக்கலம் தேடி வந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹூட்டர்மான்ஸ் சிறையில் தள்ளப்பட்டு, பின்னர் கெஸ்டாபோவிடமே ஒப்படைக்கப்பட்டார். லெய்புன்ஸ்கி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், பதவி போனது, 1938 ஜூனில் கைதும் செய்யப்பட்டார். இரண்டு மாதம் கழித்து ஆகஸ்டில் வெளியே வந்தார். அந்த ஆண்டில் கைதாகி இரண்டே மாதத்தில் திரும்பியவர்கள் ரொம்பக் குறைவு.

தண்ணீர் ஏன் ஆகாது?

போருக்குப் பிறகு மாஸ்கோவுக்குத் தென்மேற்கே ஓப்னின்ஸ்கில் ஒரு ரகசிய ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. உலகின் முதல் அணுமின் நிலையம் 1954-ல் மின்சாரம் கொடுத்தது இந்த ஊரில்தான். அந்த ஆய்வுக்கூடத்துக்குத்தான் லெய்புன்ஸ்கி வந்து சேர்ந்தார். 1949-லேயே அவர் முன்வைத்த யோசனை வேக நியூட்ரான் உலை.

யோசனை என்ன? சாதாரண உலையில் தண்ணீர் இரண்டு வேலை பார்க்கிறது. சூட்டை எடுத்துச் செல்கிறது. கூடவே நியூட்ரான்களின் வேகத்தையும் குறைக்கிறது. ஆனால் நியூட்ரான்கள் வேகமாகவே பாய்ந்தால், எரிபொருளாகப் பயன்படாத யுரேனியம்-238 என்ற வகையைப் புளூட்டோனியமாக மாற்றலாம். எரித்ததைவிட அதிக எரிபொருளை உலையே ஈன்றெடுக்கும். ஈனுலை என்ற பெயர் அதனால்தான். இது அவருக்கு மட்டும் தோன்றியதல்ல. அமெரிக்காவில் ஃபெர்மி முதலியவர்கள் முன்னமே யோசித்திருந்தார்கள். 1951-ல் ஐடஹோவில் திரவ உலோகம் ஓடிய ஒரு சின்ன உலை நான்கு பல்புகளை எரிய வைத்தது.

ஆக, தண்ணீர் கூடாது. சூட்டை அள்ளிக்கொண்டு போக வேண்டும், நியூட்ரானின் வேகத்தில் கை வைக்கக் கூடாது. உலோகங்கள் இதற்குப் பொருத்தம். சோடியம் 98 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். 883 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால் தண்ணீர் உலையைப் போல பிரஷர் குக்கர் அழுத்தம் தேவையில்லை.

லெய்புன்ஸ்கி முதலில் எடுத்தது சோடியத்தை அல்ல, பாதரசத்தை. 1956-ல் இயங்கிய பி.ஆர்-2 என்ற 100 கிலோவாட் உலையில் பாதரசம் ஓடியது. சாதாரண வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் என்பது அதன் சௌகரியம். ஆனால் அது விஷம், சூடேறினால் எஃகை அரிக்கும், 357 டிகிரியில் கொதித்துவிடும். பெரிய உலைக்கு ஒத்துவராது என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. அந்த உலையைக் கழற்றிவிட்டு பி.ஆர்-5 என்ற சோடியம் உலையைக் கட்டினார்கள். 1959-ல் அது தன் முழுத் திறனான 5 மெகாவாட்டை எட்டியது. புளூட்டோனியம் ஆக்சைடை எரிபொருளாக வைத்த முதல் வேக உலை அது. 1960-ல் லெய்புன்ஸ்கிக்கும் சகாக்களுக்கும் லெனின் பரிசு.

குழாயின் உட்சுவரில் என்ன நடக்கிறது?

பரிசு வந்த அதே காலத்தில்தான் பி.ஆர்-5 வேறொரு பாடத்தையும் நடத்தத் தொடங்கியது. அதைப் புரிந்துகொள்ள, குழாயின் உட்சுவரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

முதல் பிரச்சினை சோடியமே. நியூட்ரான் பட்டதும் அது சோடியம்-24 ஆகி, கனமான காமா கதிர்களை வீசும். நல்லவேளை, அதன் அரை ஆயுள் 15 மணி நேரம்தான். பத்து நாள் பொறுத்தால் சுமார் 65,000-ல் ஒரு பங்குதான் மிச்சம். அதாவது உலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் அது தானாகவே போய்விடும். கூடவே கொஞ்சம் உருவாகும் சோடியம்-22-க்கு மட்டும் 2.6 ஆண்டு அரை ஆயுள்.

இரண்டாவது பிரச்சினை எஃகு. குழாய்கள் நம் வீட்டு எவர்சில்வரின் உறவுக்கார உலோகம்தான்: இரும்பு, குரோமியம், நிக்கல். சூடான சோடியம் இதை நூல் நூலாகக் கரைக்கும். பாகு காய்ச்சியவர்களுக்குத் தெரியும், சூட்டில் கரையும் சர்க்கரை ஆறினதும் பாத்திர விளிம்பில் பூத்து நிற்கும். அதே மாதிரி, உலையின் சூடான நடுப்பகுதியில் கரைந்தது குளிர்ச்சியான இடத்தில் போய்ப் படியும். ஆனால் நடுப்பகுதியில் இருந்தபோது அந்த எஃகு நியூட்ரான் மழையில் நனைந்திருக்கிறது. அதிலுள்ள இரும்பிலிருந்து மாங்கனீஸ்-54 உருவாகியிருக்கும். அரை ஆயுள் 312 நாள். துளியூண்டு கலந்திருக்கும் கோபால்ட், கோபால்ட்-60 ஆகியிருக்கும்; அதற்கு 5 ஆண்டுக்கும் மேல். நியூட்ரானே எட்டிப் பார்க்காத தூரத்தில் இருக்கும் பம்பும் வெப்பமாற்றியும் கதிரியக்கம் கொள்வது இப்படித்தான். மாங்கனீஸ் குளிர்ந்த இடங்களைத் தேடிப் போய் உட்காரும், கோபால்ட் சூடான பக்கமே தங்கிவிடும். ஆளுக்கொரு சுபாவம்.

மூன்றாவதுதான் மோசமானது. எரிபொருளைச் சுற்றிய உலோக உறை எங்காவது விரிந்தால், யுரேனியமும் புளூட்டோனியமும் பிளந்து உண்டான கழிவுகள் நேராகச் சோடியத்தில் கலக்கும். அதில் சீசியம்-137 என்பதன் அரை ஆயுள் 30 ஆண்டு. அது சோடியத்தோடேயே சுற்றும், ஆவியோடு மேலே ஏறும், குளிர்ந்த மேற்பரப்பு எங்கே கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

பி.ஆர்-5-ல் நடந்தது இந்த மூன்றாவது சங்கதி. எரிபொருள் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கவே கட்டிய உலை அது, அதனால் தாங்காத எல்லை வரை ஓட்டினார்கள். உறைகள் பல இடங்களில் விட்டுக்கொடுத்தன. சோடியச் சுற்று முழுக்கக் கதிரியக்கக் கழிவு பரவியது. சோடியத்தை வடித்த பிறகும் குழாய்கள் சுத்தமாகவில்லை. உள்ளே படிந்திருந்த படலம் அப்படியே இருந்தது.

சுத்தம் செய்வது என்றால் ஹோஸ் பைப்பை நீட்டுகிற வேலை இல்லை. சோடியத்தின் மேல் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும், தீப்பிடிக்கும், வெடிக்கும். அதனால் முதலில் நீராவியைப் பக்குவமாகச் செலுத்தி மிச்சச் சோடியத்தைக் கரைக்க வேண்டும். பிறகு தண்ணீர். அதற்கும் பிறகு நீர்த்த நைட்ரிக் அமிலம். உலோகத்தின் மேல்தோலை மெல்லியதாக உரித்தால்தான் அதோடு ஒட்டியிருப்பது வரும். அமிலம் கூடினால் குழாயே போய்விடும், குறைந்தால் அழுக்கு போகாது. ஓப்னின்ஸ்க் ஆட்கள் அதைச் செய்து முடித்து, புதிய எரிபொருளை நிரப்பி, உலையை மறுபடியும் ஓட்டினார்கள். லெனின் பரிசைவிட இந்த வேலைதான் பின்னால் வந்த சோடியம் உலைகளுக்கு அதிகம் உதவியது என்று தாராளமாகச் சொல்லலாம். எங்கே எது படியும், எதை எப்படிக் கழுவுவது என்ற அனுபவம் காகிதத்தில் கிடைக்காது. கல்பாக்கத்தில் 1985-ல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலை ஃபிரெஞ்சு வடிவமைப்பின் வழி வந்தது. ஆனாலும் அதில் ஓடுவதும் இதே சோடியம்தான், அங்கே ஒரு பம்பை வெளியே எடுத்தாலும் முதலில் சந்திப்பது இதே கேள்விகளைத்தான்.

கடலுக்குள் போன உலோகம்

ஓப்னின்ஸ்கில் இதற்கு இணையாக இன்னொரு ரகசிய வேலையும் நடந்தது. நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கச்சிதமான, சக்திவாய்ந்த உலை வேண்டும் என்றது கடற்படை. கடலுக்குள் சோடியம் என்றாலே பயம். அமெரிக்கர்கள் சீவுல்ஃப் என்ற கப்பலில் சோடியம் உலையை வைத்துப் பார்த்துவிட்டு, 1958-ல் அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீர் உலைக்கு மாறினார்கள். லெய்புன்ஸ்கியின் தேர்வு காரீயமும் பிஸ்மத்தும் கலந்த கலவை. தண்ணீர் பட்டால் எரியாது. 125 டிகிரியில் உருகும், 1,600 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். கணக்கில் பார்த்தால் கடலுக்கென்றே செய்த உலோகம்.

கணக்கில் இருந்த கறுப்புப் புள்ளி பிஸ்மத். அது நியூட்ரானை விழுங்கினால் சில நாட்களில் பொலோனியம்-210 ஆகிவிடும். அரை ஆயுள் 138 நாள். இது வீசும் ஆல்ஃபா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும், தோல் தாண்டாது. ஆனால் மூச்சிலோ வாயிலோ உள்ளே போனால் மிகச் சிறிய அளவே ஆளைக் கொல்லும். உருகிய உலோகத்துக்குள் இருக்கும் வரை பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். எங்காவது கசிந்து தரையில் கொட்டினால், அந்தத் தரை, குழாய், கருவி, கையுறை எல்லாமே பொலோனியம் படிந்த பரப்புதான். சோடியம்-24 போலப் பத்து நாளில் கரைந்து போகிற விருந்தாளி இல்லை இது.

இன்னொரு சிக்கல் ஆக்சிஜன். காரீயக் கலவையில் ஆக்சிஜன் ரொம்பக் குறைந்தால் எஃகு கரையும். கொஞ்சம் இருந்தால் எஃகின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி அதைக் காக்கும். அதிகமானால் காரீய ஆக்சைடு கசடாகத் திரண்டு குழாயை அடைக்கும். எவ்வளவு சரி, அதை ஓடும் உலையில் எப்படி அளப்பது என்ற அறிவு அப்போது முழுமையாக இல்லை. தரையில் கட்டிய மாதிரி உலை 1959-ல் ஓப்னின்ஸ்கில் இயங்கியது. அதைத் தொடர்ந்து 1963-ல் கே-27 கடற்படையில் சேர்ந்தது. மறு ஆண்டே ஐம்பது நாளுக்கும் மேலான நெடும்பயணம் போய் வந்தது. லெய்புன்ஸ்கிக்கு சோஷலிச உழைப்பின் நாயகர் பட்டம் கிடைத்ததும் 1963-ல்தான்.

1968 மே 24, பாரன்ட்ஸ் கடல். முழுவேகச் சோதனை ஓட்டத்தில் இருந்தபோது இடதுபக்க உலையின் சக்தி திடீரென்று சரிந்தது, ஏழு சதவீதத்துக்கு வந்து நின்றது. ஏன் என்று கப்பலில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. காரீய ஆக்சைடும் கசடும் சேர்ந்து எரிபொருளுக்கு நடுவே உலோகம் ஓடும் பாதைகளை அடைத்துவிட்டன. எரிபொருளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சேதமடைந்தது. கதிரியக்க வாயு உலை அறையிலிருந்து மற்ற அறைகளுக்கும் பரவியது. பழுது என்னவென்று பார்க்க உலை அறைக்குள் போனவர்கள் அதை நேராக வாங்கிக்கொண்டார்கள்.

கப்பல் சொந்த சக்தியிலேயே தளத்துக்குத் திரும்பியது. உள்ளே இருந்த 144 பேரும் கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்தார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் இருபதைத் தாண்டி ஓரிரு வயதே ஆன மாலுமிகள். வெளியே யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. குடும்பங்கள் உண்மை தெரிந்துகொள்ள சோவியத் ஒன்றியமே கலைய வேண்டியிருந்தது.

லெய்புன்ஸ்கி அந்தக் கப்பலில் இல்லை, அதன் பொத்தான்களைத் தொட்டவரும் இல்லை. ஆனால் அந்த உலோகத்தைத் தேர்ந்தெடுத்தது அவர் தலைமையிலான குழு. அதன் வேதியியல் முழுதாகக் கைவசப்படும் முன்பே அது கடலுக்குப் போனது. அமெரிக்காவோடு போட்டி, கடற்படையின் அவசரம் என்று காரணங்கள் உண்டு. அவை அந்தப் பொறுப்பை முழுக்கத் துடைத்துவிடவில்லை. ஆக்சிஜனை அளக்கும் உணர்கருவி, கசடை ஹைட்ரஜன் கொண்டு கரைக்கும் முறை, எஃகின் மேல் படலத்தைக் காப்பாற்றும் வழி என்று ஓப்னின்ஸ்கும் பிற ஆய்வுக்கூடங்களும் தீவிரமாக இறங்கியது விபத்துக்குப் பிறகு. அடுத்த தலைமுறை நீர்மூழ்கிகள் ஏழும் இதே காரீயக் கலவையில்தான் ஓடின. அவற்றில் கசடு அடைத்து உலை உருகவில்லை. ஆனால் கே-123 என்ற கப்பலில் 1982-ல் திரவ உலோகம் அறைக்குள் கொட்டியது, பழுது பார்த்து முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

கடைசி உலை

லெய்புன்ஸ்கியின் கடைசி ஆண்டுகள் சோடியத்தோடு கழிந்தன. வோல்கா அருகே டிமிட்ரோவ்கிராடில் பி.ஓ.ஆர்-60 உலை 1969-ல் சக்தி கொடுத்தது. அடுத்தது காஸ்பியன் கடலோரப் பாலைவனத்தில், இன்றைய கஜகஸ்தானின் அக்தாவ் நகரில், பி.என்-350. மின்சாரமும் தரும், கடல்நீரைக் குடிநீராகவும் மாற்றும். சோடியம் ஓடும் உலை ஒரு ஊருக்கே தண்ணீர் தருவது என்பது கொஞ்சம் வேடிக்கையான பொருத்தம்தான்.

அதை அவர் பார்க்கவில்லை. 1972 ஆகஸ்ட் 14 அன்று, 68 வயதில் காலமானார். மூன்று மாதம் கழித்து, நவம்பரில், பி.என்-350-ல் தொடர்வினை தொடங்கியது. அதன் வாரிசான பி.என்-600 யூரல் பகுதியில் 1980 முதல் மின்சாரம் கொடுக்கிறது. ஓப்னின்ஸ்க் நிறுவனத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

பி.என்-350 கால் நூற்றாண்டு ஓடி 1999-ல் நிறுத்தப்பட்டது. அதற்குள் அதன் சோடியத்தில் சீசியம்-137 ஏறியிருந்தது. அந்த நிலையில் சோடியத்தை வடித்துக் கையாண்டால் வேலை செய்பவர்கள் வாங்கும் கதிர்வீச்சு அதிகம். அதனால் அமெரிக்க நிபுணர்களும் கஜக் பொறியாளர்களும் சேர்ந்து ஒரு வழி பிடித்தார்கள். துளைகள் நிறைந்த, கண்ணாடி போன்ற கார்பன் வழியாகச் சோடியத்தை மெல்ல ஓடவிட்டால் சீசியம் அதில் ஒட்டிக்கொள்ளும். குழாய்ச் சுவரில் ஒட்டும் அதே குணத்தை வைத்தே அதைப் பிடித்தார்கள். சோடியத்தை வடித்தார்கள். உட்சுவரில் மெல்லியதாக மிஞ்சிய சோடியத்தை என்ன செய்வது என்பது அதற்கு அடுத்த வேலையாக வந்து நின்றது.